777 கொடுத்தும் ‘பெர்மிஷன் டினைட்’: எங்கே பிழை?

கோண்டாவிலான்:
வணக்கம். எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்துக்கு ஓர் இணையத்தளம் நடத்துகிறேன். பழைய கும்பாபிஷேக மலர்களை ஸ்கேன் பண்ணி ஏற்றுவதுதான் முக்கிய வேலை. உபுண்டு (லினக்ஸ் இயங்குதளம்) 20.04இல் ஒழுங்காக ஓடியது. போன கிழமை 22.04 போட்ட புதுச் சேர்வருக்கு மாற்றினேன். முகப்புப் பக்கம் வருகிறது. பி.எச்.பி படிவத்தால் பிடிஎஃப் ஏற்றினால் மட்டும் ‘பெர்மிஷன் டினைட்’. ஏற்கெனவே உள்ள மலரைத் திறந்தால் 403 (பார்க்க அனுமதி இல்லை). கோப்புகள் பெரிது என்பதால் ‘மலர்கள்’ கோப்புறையை என் ஹோமுக்குள் (என் கணக்கின் சொந்தக் கோப்புறை) வைத்திருக்கிறேன். அதற்கு 777 (எவருக்கும் எல்லா அனுமதியும்) கூடக் கொடுத்தாயிற்று. சில மலர்கள் கறையான் அரித்தவை, திரும்ப ஸ்கேன் பண்ண முடியாது. கண்டபடி எதையும் மாற்றப் பயமாக இருக்கிறது.

சுன்னாகத்தார்:
பக்கங்களை அனுப்பும் மென்பொருளான அப்பாச்சி ஓடுவது டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா என்ற பயனராக. கோப்புறையை அதன் பெயருக்கு மாற்றிப் பாருங்கோ.

கோண்டாவிலான்:
மாற்றினேன் அண்ணை. அதே பிழைதான்.

பருத்தித்துறை:
தம்பி, படலை பூட்டியிருக்கும்போது வீட்டுக் கதவைத் திறந்து வைத்து என்ன பயன்? கடைசிக் கோப்புறைக்கு 777 கொடுத்தாலும், அதற்குப் போகிற வழியில் உள்ள ஒவ்வொரு கோப்புறையிலும் அப்பாச்சிக்கு எக்ஸ் அனுமதி வேண்டும். கோப்புறைக்கு எக்ஸ் என்றால் உள்ளே நுழையும் உரிமை. உபுண்டு 21.04இலிருந்து புதிதாக உருவாகும் ஹோம், மற்றவர்களும் நுழையக்கூடிய 755 இல்லை, அவர்களை அடைக்கும் 750. பழைய சேர்வரில் ஓடியது இங்கே நின்றதற்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன். நேம்ஐ கட்டளையை எல் தெரிவோடு, முழுப் பாதையையும் கொடுத்து ஓட்டுங்கோ. ஒவ்வொரு படியின் அனுமதியும் வரிவரியாக வரும்.

கோண்டாவிலான்:
ஓம், ஹோம் வரியில் மற்றவர்களுக்கான கடைசி மூன்று இடத்திலும் வெறும் கோடு! ஹோமுக்கு 755 கொடுக்கட்டுமா?

பருத்தித்துறை:
வேண்டாம். உங்கள் சொந்தக் கோப்புகளும் அங்கேதானே இருக்கின்றன. மலர்களை ஹோமுக்கு வெளியே உள்ள எஸ்ஆர்வி கோப்புறைக்குக் கொண்டு போங்கோ. முதலில் நகல் மட்டும் எடுங்கோ, எல்லாம் சரி என்று தெரியும் வரை பழையதைத் தொட வேண்டாம். உரிமையாளர் நீங்கள், குழு டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா. கோப்புறைக்கு 2775 (நீங்களும் குழுவும் எழுதலாம்), கோப்புக்கு 644 (நீங்கள் எழுதலாம், மற்றவர்கள் படிக்க மட்டும்). முன்னால் உள்ள 2 இருந்தால், அதற்குள் புதிதாக வரும் கோப்புகளுக்கும் அதே குழு வரும். 777ஐ எங்கும் விட்டுவைக்காதீர்கள். அந்தச் சேர்வரில் கணக்குள்ள எவரும் உங்கள் மலர்களை அழிக்கலாம்.

கோண்டாவிலான்:
ஸ்கிரிப்டில் பாதையை மாற்றினேன், ஏற்றுவது சரிவந்துவிட்டது! மலரைத் திறந்தால் மட்டும் இன்னும் 403. லொக்கில் (பிழைப் பதிவில்) இப்போது ‘கிளையன்ட் டினைட் பை சேர்வர் கொன்ஃபிகரேஷன்’ என்று வேறு வரி.

பருத்தித்துறை:
இது கோப்பின் அனுமதி இல்லை, அப்பாச்சியின் தடை. உபுண்டுவில் வார் கோப்புறைக்குள் இருக்கும் டபிள்யூடபிள்யூடபிள்யூ கோப்புறையில் உள்ள தளங்களை அது தானாக விடும், எஸ்ஆர்வியை விடாது. உங்கள் தள அமைப்பில் பழைய ஹோம் பாதைக்கு ஒரு டைரக்டரி பகுதி எழுதியிருப்பீர்கள். அங்கேயும், இணைய முகவரியைக் கோப்புறையோடு இணைக்கும் அலியாஸ் வரியிலும் புதுப் பாதையைப் போட்டு, ‘ரிக்வயர் ஓல் கிராண்டட்’ (எல்லோரையும் விடு) இருக்கிறதா என்று பார்த்து, அப்பாச்சியை ரீலோட் பண்ணுங்கோ.

கோண்டாவிலான்:
திறக்கிறது அண்ணை. கறையான் அரித்த முதற்பக்கமே வந்தது. மெத்தப் பெரிய உதவி.