பிள்ளைகள் குறைவான ஒன்றியப் பள்ளிக்கு மானியமும் குறைவுதானா? வேறு எங்கே கேட்கலாம்?

செய்யாறு_அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் என் மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். இந்த முறை பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு என்னைத் தலைவராகப் போட்டிருக்கிறார்கள், எனக்கு இதெல்லாம் புதுசு, அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

ஐந்து வகுப்புக்கும் சேர்த்து 30 பிள்ளைகளுக்கும் கீழேதான், இரண்டு டீச்சர். வருடத்துக்குப் பள்ளி மானியம் 10,000 ரூபாய் என்று ஹெச்.எம். சொன்னார். அதில் ஒரு பங்கைச் சுகாதாரத்துக்கு ஒதுக்க வேண்டுமாம், மீதியில் சாக்பீஸ், பதிவேடு, மின்விசிறி ரிப்பேர், மோட்டார் ரிப்பேர் எல்லாம் வந்துவிடுகிறது. டவுனில் இருக்கிற அரசு மேல்நிலைப் பள்ளியைப் போய்ப் பார்த்தால் ஹைடெக் லேப் இருக்கிறது, நல்ல மைதானம் இருக்கிறது, பழைய மாணவர்கள் சேர்ந்து கட்டிக்கொடுத்த கலையரங்கம் இருக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைத்ததில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அதுவும் அரசுப் பள்ளி, இதுவும் அரசுப் பள்ளி, எங்கள் பிள்ளைகளுக்குச் சுற்றுச்சுவர் கூட இல்லையே என்பதுதான் கேள்வி. ஒரு கழிப்பறைக்குக் கதவு பெயர்ந்து நிற்கிறது.

காலை உணவு வந்ததில் பெரிய நிம்மதி, அதை மறைக்கவில்லை. ஆனால் கட்டடம், சுவர் என்று கேட்டால் வட்டாரக் கல்வி அலுவலகத்தில் "அது எங்கள் கையில் இல்லை" என்கிறார்கள். யார் கையில்தான் இருக்கிறது? அரசுப் பள்ளிகளுக்கு நன்கொடை திரட்டுகிற நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி வெப்சைட்டில் பதிந்தால் யாராவது செய்வார்களா?

ஈராசிரியர்:
அக்கா, நானும் இதே மாதிரி இரண்டு பேர் பள்ளியில்தான் வேலை பார்க்கிறேன். உங்கள் ஹெச்.எம். சொன்னது சரி. ஒன்றிய, மாநில அரசுகள் சேர்ந்து பணம் போடுகிற சமக்ரா சிக்ஷா திட்டத்தில் மானியம் தலைக்கணக்குப்படி படிப்படியாக வருகிறது. 30 பிள்ளைகள் வரை 10,000, 100 வரை 25,000, 250 வரை 50,000, 1,000 வரை 75,000, அதற்கு மேல் ஒரு லட்சம். தலைக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் சின்னப் பள்ளிக்குத்தான் அதிகம் போகிறது, விதியை எழுதியவர்கள் சொல்லக்கூடிய நியாயமும் அதுதான். ஆனால் ஒரு பள்ளிக்கூடம் திறந்து நடக்க வேண்டுமென்றால் பிள்ளை 20 இருந்தாலும் 90 இருந்தாலும் மோட்டார் ஒன்றுதான், தண்ணீர்த் தொட்டி ஒன்றுதான், கூரை ஒழுகினால் ஒழுகல் ஒன்றுதான். அந்த அடிப்படைச் செலவை இந்தக் கணக்கு பார்ப்பதே இல்லை. அதைவிடக் கொடுமை, 31 பேர் இருக்கிற பள்ளியிலிருந்து ஒரு பிள்ளை வேன் ஏறித் தனியார் பள்ளிக்குப் போய்விட்டால் பள்ளிக்கு 15,000 ரூபாய் போச்சு. வசதி குறைவு என்று பிள்ளை போகிறது, பிள்ளை போனதால் வசதி இன்னும் குறைகிறது.

டீச்சர் கணக்கும் அப்படித்தான். கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்தான். ஐந்து வகுப்பு, இரண்டு பேர், அதில் ஒருவர் ஹெச்.எம்., பள்ளி விவரங்களை ஆன்லைனில் ஏற்றுகிற எமிஸ் பதிவும் அவர்தான், பயிற்சிக்கும் அவர்தான் போக வேண்டும். எண்ணும் எழுத்தும் திட்டம் வந்த பிறகு, பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து உட்காரவைத்து நடத்துவதால் ஓரளவு சமாளிக்க முடிகிறது, ஆனாலும் ஒருவர் லீவு போட்டால் மொத்தப் பள்ளியும் ஒரே அறைதான்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஒன்றியப் பள்ளியின் கட்டடம் ஒன்றியத்தின் சொத்து. டீச்சர், பாடம், புத்தகம் கல்வித்துறை பார்ப்பது. சுவர், கழிப்பறை, வகுப்பறை ஊரக வளர்ச்சித் துறை பார்ப்பது, அதாவது பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீஸ். குழந்தை நேயப் பள்ளி உட்கட்டமைப்பு மேம்பாட்டுத் திட்டம் என்று ஒன்று அந்தத் துறையில்தான் ஓடுகிறது, உங்கள் மாதிரி பள்ளிகளுக்காகவே. வட்டாரக் கல்வி அலுவலகத்தில் சொன்னது பொய்யில்லை, ஆனால் எங்கே போக வேண்டும் என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்கலாம். மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு, குழுவுக்கான மொபைல் ஆப்பில் ஏற்றுங்கள், அதையே கிராம சபையிலும் வைத்து ஊராட்சித் தீர்மானமாக்குங்கள். இரண்டும் இருந்தால் பி.டி.ஓ. ஆபீசில் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

முன்னாள்_மாணவன்:
நம்ம ஸ்கூல் பற்றி நான் சொல்கிறேன், எங்கள் ஊர்ப் பள்ளிக்குப் பழைய மாணவர்கள் சேர்ந்து செய்ததில் நானும் இருந்தேன். பதியுங்கள் அக்கா, கண்டிப்பாகப் பதியுங்கள். ஆனால் அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். 2022 டிசம்பரில் ஆரம்பித்த நல்ல திட்டம்தான், ஆனால் பணம் கொடுக்கிற கம்பெனி பெரும்பாலும் தன் தொழிற்சாலைக்குப் பக்கத்துப் பள்ளியைத்தான் பார்க்கும். வெளிநாட்டில் இருக்கிறவர் தான் படித்த பள்ளிக்குத்தான் கொடுப்பார். படித்து மேலே போனவர்கள் அதிகம் உள்ள பள்ளிக்கு மேலும் மேலும் வரும், முதல் தலைமுறையாக இப்போதுதான் படிக்கிற ஊருக்கு யார் கொடுப்பார்கள்?

காமராஜர் ஆட்சியில், 1950களின் கடைசியில், நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்தபோது பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர் ஊராக நடந்தன. பெஞ்சு, மணி, நிலம், கட்டடம் என்று ஜனங்கள் அள்ளிக் கொடுத்தார்கள். ஆனால் அன்றைக்கு அரசு அதை வைத்துக்கொண்டு ஒதுங்கவில்லை, பள்ளியே இல்லாத ஊர்களுக்குப் பள்ளியும் வாத்தியாரும் தானே கொண்டுபோனது, 1956இல் மதிய உணவும் கொடுத்தது. நன்கொடை மேலே போடுகிற மேல்பூச்சாக இருக்கட்டும், சுவரும் கழிப்பறையும் உரிமையாக வர வேண்டும். எந்தப் பள்ளிக்கு ஒன்றுமே வரவில்லை என்று பார்த்து, அங்கே அரசு தன் பணத்தைக் கூடுதலாகப் போட வேண்டும். இதை நான் எங்கள் குழுவிலும் சொல்லி வருகிறேன், சிலருக்குக் கோபம் வருகிறது, வரட்டும்.

கல்வராயன்_தம்பி:
சமவெளியில் இருக்கிறவர்கள் மானியத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள், மலையில் முதலில் வாத்தியார் வேண்டும். எங்கள் பக்கம் பழங்குடியினர் நலத்துறையின் உண்டு உறைவிடப் பள்ளிகள். இடமாறுதல் கலந்தாய்வு வந்தாலே ஆசிரியர் கீழே இறங்கப் பார்க்கிறார், அவரையும் குறை சொல்ல மாட்டேன், வீடு கிடையாது, பஸ் கிடையாது, அவர் பிள்ளையை எங்கே படிக்கவைப்பார்? மலைக்கு வருகிறவருக்குக் குடியிருப்பும் கூடுதல் படியும் கொடுத்து, இத்தனை வருடம் இருந்தால் அடுத்த மாறுதலில் முன்னுரிமை என்று எழுதிக் கொடுத்தால் வருவார்கள்.

ஆதிதிராவிடர் நலம், பழங்குடியினர் நலம், கள்ளர் சீரமைப்பு என்று தனித்தனித் துறையில் இருக்கிற பள்ளிகளையெல்லாம் பள்ளிக் கல்வித்துறையோடு சேர்ப்போம் என்று 2023 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். உடனே எதிர்ப்பும் வந்தது. எதிர்த்தவர்கள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது, தனித்துறை என்பதால்தான் அந்தப் பிள்ளைகளுக்கென்று நிதியும் நிலமும் நிற்கிறது, சேர்த்துவிட்டால் கூட்டத்தில் காணாமல் போகும் என்ற பயம். ஆனால் எங்கள் பிள்ளைகளுக்கு எந்தத் துறை என்பது முக்கியமில்லை, ஜூனில் பள்ளி திறக்கும்போது கணக்கு வாத்தியார் வந்து நிற்கிறாரா என்பதுதான் முக்கியம்.

வேலூர்_வாசகர்:
எல்லாம் சரி, ஒன்றை விட்டுவிட்டீர்கள். ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டமான பி.எம். ஸ்ரீக்கான ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை என்று 2024-25க்கான சமக்ரா சிக்ஷா நிதி சுமார் 2,152 கோடியை ஒன்றிய அரசு நிறுத்தியது, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. மாநிலத்துக்குத் தேசியக் கல்விக் கொள்கையில் மறுப்பு இருக்கலாம், அதற்காகப் பிள்ளைகளின் பணத்தைப் பிடித்துவைப்பது தப்பு, எந்தக் கட்சி செய்தாலும் தப்பு. இப்படிப் பணம் நின்றால் டவுன் பள்ளி நன்கொடையில் ஓட்டிக்கொள்ளும், அக்கா பள்ளி மாதிரி இடங்கள் என்ன செய்யும்?

செய்யாறு_அம்மா:
அனைவருக்கும் ரொம்ப நன்றி. பி.டி.ஓ. ஆபீஸ் என்பதே இப்போதுதான் தெரிகிறது. அடுத்த குழுக் கூட்டத்தில் சுற்றுச்சுவருக்கும் கழிப்பறைக்கும் தனித்தனியாகத் தீர்மானம் போடலாமா, இல்லை ஒன்றாகவா? தீர்மானத்தை எழுதி இங்கே போடுகிறேன், டீச்சர் ஒருமுறை பாருங்கள்.

ஈராசிரியர்:
தனித்தனியாகவே போடுங்கள் அக்கா, ஒன்று தள்ளிப்போனாலும் இன்னொன்று நகரும். கழிப்பறையை முதலில் வையுங்கள், பெண் பிள்ளைகள் எத்தனை பேர் என்று எழுதுங்கள். சுவருக்கு எத்தனை மீட்டர் என்று அளந்து, சாலை எந்தப் பக்கம் என்றும் சேர்த்துவிடுங்கள். படம் எடுத்து இணையுங்கள். மனு கொடுக்கும்போது நகலில் தேதியோடு சீல் வாங்காமல் திரும்பாதீர்கள்.