மருந்தே அடிக்கவில்லை என்கிறார், லேப் ரிப்போர்ட்டில் இரண்டு மருந்து வந்திருக்கிறது. யாரை நம்புவது?

வளர்மதி:
நாங்கள் பன்னிரண்டு குடும்பங்கள் சேர்ந்து ஒரு விவசாயியிடம் நேரடியாகக் காய்கறி வாங்குகிறோம். பூச்சிமருந்து அடிப்பதே இல்லை என்பதுதான் அவர் பேச்சு. குழுவில் ஒருவருக்குச் சந்தேகம் வர, மூன்று குடைமிளகாயை லேபுக்கு அனுப்பினோம். 180 மருந்துகளைத் தேடியிருக்கிறார்கள், 178-க்கு நேரே ‘கண்டறியப்படவில்லை’. மீதி இரண்டில் இமிடாக்ளோபிரிட் 0.03 மி.கி/கிலோ, அது வரம்புக்குள் (காயில் மிஞ்சியிருக்கச் சட்டம் விடும் மேல் அளவு) என்று போட்டிருக்கிறது. குளோர்பைரிபாஸ் 0.012, வரம்பு 0.01, அதைச் சிவப்பில் காட்டியிருக்கிறார்கள். இன்னொருவர் வீட்டில் செய்கிற டெஸ்ட் ஸ்ட்ரிப் வாங்கிப் பார்த்தார், அதில் எல்லாம் சுத்தம்! இப்போது குழுவில் பாதிப் பேர் அவரை நிறுத்திவிடலாம் என்கிறார்கள். அவர் பொய் சொன்னாரா? இத்தனை நாள் சாப்பிட்ட குழந்தைகளுக்கு ஏதாவது ஆகுமா? கழுவினால் போய்விடுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எச்சம்பார்ப்பவன்:
காய்கறியில் மிஞ்சும் மருந்தை, அதாவது எச்சத்தை, அளக்கிற லேபில் வேலை பார்க்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் சாம்பிள். மூன்று காய் போதாது. கோடெக்ஸ் (சர்வதேச உணவுத் தர அமைப்பு) வழிகாட்டியில் 25 முதல் 250 கிராம் வரை எடையுள்ள காய் என்றால் குறைந்தது பத்து எண்ணிக்கை, மொத்தம் ஒரு கிலோவாவது வேண்டும். ஒரே செடியில் பறித்த இரண்டு காயிலேயே அளவு மூன்று மடங்கு மாறலாம், மருந்து அடிக்கும்போது இலைக்குப் பின்னால் இருந்த காய் வேறு, முன்னால் இருந்தது வேறு. லேபில் வந்ததையெல்லாம் சேர்த்து அரைத்து அதில் 10 அல்லது 15 கிராம்தான் எடுப்போம். மூன்று காயை அரைத்தால் அந்த மூன்று காயைப் பற்றித்தான் பதில் வரும், தோட்டத்தைப் பற்றி வராது.

அடுத்து அந்த 0.012. எந்த லேப் எண்ணுக்கும் பின்னால் ஒரு தள்ளாட்டம் உண்டு. ஐரோப்பிய லேப்கள் இதற்குப் பொதுவாக 50 சதவீதம் வைத்துக்கொள்கின்றன. அப்படிப் பார்த்தால் உங்கள் எண் 0.006-லிருந்து 0.018 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். கீழ்முனையே வரம்பைத் தாண்டினால்தான் அங்கே மீறல் என்று நடவடிக்கை எடுப்பார்கள், உங்களுடையது தாண்டவில்லை. சிவப்பு மையைப் பார்த்து ஒரு ஆளை நிறுத்தாதீர்கள்.

அந்த 178-ஐயும் கொண்டாட வேண்டாம். ‘கண்டறியப்படவில்லை’ என்றால் எங்கள் கருவி அளக்கக்கூடிய அளவுக்குக் கீழே என்று பொருள், அவ்வளவுதான். தேடாதது எப்படிக் கிடைக்கும்? ஒரே ஓட்டத்தில் நூற்றுக்கணக்கான மருந்துகளைப் பார்க்கும் முறையில் (கெச்சர்ஸ் என்போம், 2003-இல் வந்தது) கிளைபோசேட் என்ற களைக்கொல்லி சிக்காது. மேன்கோசெப் மாதிரி பூஞ்சைக்கொல்லிகளும் சிக்காது, அவற்றைச் சிதைத்து வெளிவரும் கார்பன் டைசல்பைடைத்தான் தனியாக அளக்க வேண்டும். பட்டியலில் இந்த இரண்டும் இருக்கிறதா பாருங்கள்.

ஸ்ட்ரிப் விஷயம் இன்னும் எளிது. அது ஒரு நொதி முடங்குகிறதா என்று பார்க்கிறது. அதை முடக்குவது ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் என்ற இரண்டு பூச்சிமருந்து வகைகள் மட்டும். இமிடாக்ளோபிரிட் பக்கத்தில் நின்றாலும் அதற்குத் தெரியாது. குளோர்பைரிபாஸ் அந்த வகைதான், ஆனால் 0.012 எல்லாம் ஸ்ட்ரிப்புக்கு எட்டாத அளவு.

களத்துமேடு:
மிளகாயும் குடைமிளகாயும் போடுகிற விவசாயி நான். அவர் பொய் சொல்லியிருக்கலாம், சொல்லாமலும் இருக்கலாம். நாற்றை எங்கே வாங்கினார் என்று கேட்டீர்களா? நிறைய நாற்றங்காலில் சாறு உறிஞ்சும் பூச்சிக்குப் பயந்து இமிடாக்ளோபிரிட் கரைசலை வேரில் ஊற்றித்தான் தருவார்கள். வாங்குகிறவர் கேட்பதில்லை, விற்கிறவர் சொல்வதில்லை. போன பயிருக்கு ஊற்றியதும் மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும், வேர் அதை இழுத்துக்கொள்ளும். குளோர்பைரிபாஸ் பக்கத்து வயலில் அடித்தது காற்றில் வந்திருக்கலாம், அல்லது வாடகை ஸ்பிரேயரைச் சரியாகக் கழுவாமல் வேப்பெண்ணெய் கலந்து அடித்திருப்பார். எனக்கே ஒருமுறை அப்படி ஆனது. முதலில் நானும் லேபைத்தான் திட்டினேன்.

நேராக வேண்டுமென்றே அடித்து, காத்திருப்புக் காலம் (அடித்த பின் பறிக்காமல் விட வேண்டிய நாட்கள்) முடியுமுன் பறித்திருந்தால் எண் பொதுவாக இதைவிட நன்றாக ஏறியிருக்கும். இது என் அனுபவம், உத்தரவாதம் இல்லை.

நிலா_அம்மா:
வளர்மதி, குழந்தைகள் பற்றி யாரும் பதில் சொல்லவில்லையே என்று வந்தேன். வரம்பு என்பது ‘இதற்கு மேல் விஷம்’ என்ற கோடு இல்லை. லேபிளில் சொன்னபடி அடித்தால் அறுவடையில் எவ்வளவு மிஞ்சும் என்று வயலில் சோதித்து, அது உடம்புக்கு ஒத்துவருமா என்றும் சரிபார்த்து வைப்பது. உடம்புக்கான கணக்கு தனி. இமிடாக்ளோபிரிட்டுக்கு வாழ்நாள் முழுக்கத் தினமும் உட்கொள்ளலாம் என்று உலக நிபுணர் குழு வைத்த மேல் அளவு, உடல் எடை ஒரு கிலோவுக்கு 0.06 மி.கி. 15 கிலோ குழந்தைக்கு 0.9 மி.கி. உங்கள் காயில் இருப்பது கிலோவுக்கு 0.03. அப்படியென்றால் அந்தக் குழந்தை தினமும் 30 கிலோ குடைமிளகாய் தின்ன வேண்டும். என் பிள்ளை ஒரு துண்டுக்கே முகம் சுளிக்கும்.

தராசுமுள்:
நிலா சொன்ன கணக்கு இமிடாக்ளோபிரிட்டுக்குச் சரி. அதே கணக்கைக் குளோர்பைரிபாஸுக்குப் போட்டு ஆறுதல் தேடாதீர்கள். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019-இல் அதை ஆராய்ந்து, பாதுகாப்பான அளவு என்று ஒன்றை வைக்கவே முடியாது என்றது. மரபணு பாதிப்பு பற்றிய சந்தேகம், குழந்தைகளின் நரம்பு வளர்ச்சி என்று காரணங்கள். 2020 ஜனவரியில் அங்கே அனுமதி போனது, அதே ஆண்டு நவம்பரிலிருந்து எச்ச வரம்பு 0.01. அந்த 0.01 கருவி நம்பகமாக அளக்கக்கூடிய அடிமட்டம், 100 டன் காயில் ஒரு கிராம். எச்சம்பார்ப்பவன் சொன்னது மாதிரி சட்டப்படி மீறல் இல்லாமல் இருக்கலாம், ஆனால் எங்கிருந்து வந்தது என்று தேடாமல் விடக்கூடாது. பயப்படச் சொல்லவில்லை, ஒரு வாரச் சாப்பாட்டில் ஒன்றும் ஆகிவிடாது. மாதாமாதம் அதே தோட்டத்திலிருந்து வாங்குகிறீர்கள், அதனால் சொல்கிறேன்.

எச்சம்பார்ப்பவன்:
ஒத்துக்கொள்கிறேன், நான் சட்டத்தை மட்டும் பேசிவிட்டேன். கழுவுவது பற்றி: தோலில் ஒட்டியிருப்பது ஓரளவு போகும், செடிக்குள் ஏறியது போகாது, இமிடாக்ளோபிரிட் உள்ளே ஏறுகிற வகை. 2017-இல் ஆப்பிளில் செய்த ஆய்வு ஒன்றில் சமையல் சோடாக் கரைசலில் 12 முதல் 15 நிமிடம் ஊறவைத்தபோது தோல்மேல் இருந்த இரண்டு மருந்துகள் நீங்கின, தோலுக்குள் புகுந்த பங்கு அப்படியே நின்றது.

வளர்மதி:
எல்லோருக்கும் நன்றி. இன்று அவரிடம் போனில் கேட்டேன். நாற்று வெளியில் வாங்கியதுதானாம், அதில் என்ன ஊற்றினார்கள் என்று கேட்கவில்லையாம். ஸ்பிரேயர் அண்ணன் வீட்டோடது, அவர் பருத்தி போட்டு அதற்கு மருந்து அடிக்கிறவர். களத்துமேடு, நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்த மாதிரி சொன்னீர்கள்! இன்னொரு முறை சாம்பிள் அனுப்பலாம் என்று இருக்கிறோம். எப்படி எடுப்பது?

எச்சம்பார்ப்பவன்:
பத்துப் பன்னிரண்டு காய், ஒரு கிலோவுக்குக் குறையாமல், வயலின் வெவ்வேறு இடத்திலிருந்து. ஒரு ஓரத்தை மட்டும் தனிப் பையில் போடுங்கள், பக்கத்து வயலை ஒட்டிய ஓரம். அந்தப் பையில் மட்டும் குளோர்பைரிபாஸ் வந்தால் காற்றையும், இரண்டிலும் வந்தால் ஸ்பிரேயரையும் முதலில் சந்தேகப்படலாம். கழுவாதீர்கள், துடைக்காதீர்கள். புதுப் பை. கையில் கொசு மருந்து தடவிக்கொண்டு பறிக்கவேண்டாம், சிரிக்காதீர்கள், அப்படியும் சாம்பிள் வந்திருக்கிறது.