புதுப்பிப்பு: எம்1 மேக்புக் ஏருக்கு இரண்டு திரை டாக்

எம்1 சில்லு கொண்ட 2020 மேக்புக் ஏர் மடிக்கணினியில் இரண்டு வெளித்திரைகளை இணைக்க எந்த டாக்கிங் ஸ்டேஷன் (டாக்; ஒரே கம்பி வழியே பல சாதனங்களை இணைக்கும் பெட்டி) பொருந்தும் என்று முன்பு கேட்டிருந்தேன். முதலில் வாங்கிய சாதாரண யூஎஸ்பி-சி டாக்கில் இரண்டு எச்டிஎம்ஐ இணைப்புகள் இருந்தும் இரு திரைகளிலும் ஒரே காட்சிதான் தெரிந்தது. அது டாக்கின் பழுதன்று, எம்1 சில்லு ஒரே ஒரு வெளித்திரையைத்தான் நேரடியாக ஆதரிக்கிறது என்பதும், ஒரே இணைப்பில் பல திரைகளுக்குத் தனித்தனிக் காட்சி அனுப்பும் எம்எஸ்டி முறையை மேக்கின் இயங்குதளமான மேக்ஓஎஸ் ஏற்பதில்லை என்பதும் பிறகே விளங்கின.

அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இங்கே சிலர் பரிந்துரைத்த டிஸ்ப்ளேலிங்க் வகை டாக்கை வாங்கினேன். இது காட்சியை மென்பொருள் வழியே சுருக்கி யூஎஸ்பி தரவாக அனுப்புவதால், அதற்குரிய மென்பொருளை நிறுவித் திரைப்பதிவு அனுமதியும் தரவேண்டும் (நானும் சற்றுத் தயங்கினேன்). இப்போது இரு திரைகளும் தனித்தனியே இயங்குகின்றன. நகல் பாதுகாப்புள்ள படங்கள் மட்டும் கறுப்பாகத் தெரிவதால், அவற்றைப் பார்க்க டாக்கைக் கழற்றிவிடுகிறேன்.