ஆராதனையில் பெண்கள் உரக்க 'ஆமென்' சொல்லலாமா?

கேள்வி: போன ஞாயிறு ஜெபம் முடிந்ததும் 'ஆமென்' என்றேன். முன்வரிசைப் பெரியவர் திரும்பி, உதட்டில் விரல் வைத்தார். சபையில் பெண்கள் பேசாமலிருக்கச் சொல்லும் 1 கொரிந்தியர் 14:34 இதையுமா தடுக்கிறது? மனம் ஆறவில்லை.

பதில்: சகோதரி, வசனம் தெளிவாக இருக்கிறது. மௌனமும் ஆராதனைதான்.

மறுபதில்: ஐயா, அதிகாரத்தை முழுவதும் வாசியுங்கள். 28ஆம் வசனம் அர்த்தம் சொல்ல ஆளில்லாத அந்நியபாஷைக்காரரையும், 30ஆம் வசனம் வேறொருவருக்கு வெளிப்பாடு வரும்போது தீர்க்கதரிசனம் சொல்பவரையும் பேசாமலிருக்கச் சொல்கின்றன. 34ஐயும் சேர்த்து மூன்றிடத்திலும் கிரேக்க மூலத்தில் ஒரே வினைச்சொல். அவர்களுடைய ஆமெனை யார் தடுத்தார்கள்? அதே நிருபத்தின் 11:5 பெண் ஜெபம்பண்ணுவதையே குறிப்பிடுகிறதே! சபையோடு சேர்ந்து ஆமென் சொல்வது உபதேசம் அல்ல, சம்மதம்.

கேட்டவர்: நன்றி அண்ணா. கடைசி நாட்களில் அம்மாவுக்குப் பேச்சு குழறியது. 'ஆமென்' மட்டும் தெளிவாக வந்தது. வருகிற ஞாயிறு நானும் வாய்விட்டுச் சொல்வேன்.