மைவி கார் பின் அப்சோர்பர் கழல மாட்டேங்குது

சுங்கை சிப்புட்டிலிருந்து: அண்ணன்மாரே, வீட்டிலேயே புது அப்சோர்பர் (குலுக்கலைத் தாங்குற பாகம்) மாட்டுறேன். தோட்டத்துச் செம்மண் ரோட்டில் ஓடின காடி. கீழே நட் கழண்டுடுச்சு. போல்ட்டைத் திருப்பினா அதைச் சுத்தியிருக்கிற புஷ் ரப்பரும் சேர்ந்து முறுக்குது, வெளியே வரலை. நெருப்பு காட்டலாமா?

பதில்: வேணாம் தம்பி! அப்சோர்பர் உள்ளே எண்ணெய் இருக்கு, சூட்டில் வெடிச்சுடும். புஷ்ஷுக்குள்ள இருக்கிற இரும்புக் குழாயோடு போல்ட் துருப்பிடிச்சு ஒட்டியிருக்கு. டபிள்யூடி-40 (துரு இளக்குற ஸ்ப்ரே) அடிச்சு ராத்திரி முழுக்க ஊறவிடு. நட்டை முனைவரை திருப்பி வச்சு அதுமேல சுத்தியலால தட்டு, மரை கெடாது.

பதில்: காடியைத் தாங்க ஸ்டாண்ட் வச்சியாப்பா? ஜாக்கை மட்டும் நம்பிக் கீழே படுக்காதே, கெஞ்சிக் கேட்கிறேன்.

சுங்கை சிப்புட்: ஸ்டாண்ட் இருக்குண்ணே. ஊறவச்சுத் தட்டினேன், வந்துடுச்சு! போல்ட் முழுக்கக் காவி நிறத் துரு.

பதில்: புது போல்ட் போடு. டயர் தரையில் நின்ன பிறகுதான் கடைசி முறுக்கு. டயர் தொங்கும்போதே இறுக்கினா புஷ் சீக்கிரம் கிழிஞ்சிடும்.