சர்க்கரை உள்ள பூனைக்குத் தடுப்பூசி: போட்டவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

மணி வீட்டுக்காரர், குரோம்பேட்டை

எங்கள் மணிக்கு 11 வயது. நியூட்டர் செய்த ஆண், மஞ்சள் வரி, ஒரு காலத்தில் 7 கிலோ. தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு நகராமல் குடிப்பதையும், மண் தட்டு வழக்கத்தைவிட இரண்டு மடங்கு நனைவதையும் பார்த்துச் சோதித்ததில் சர்க்கரை என்று தெரிந்தது. இப்போது காலை ஒன்று, இரவு ஒன்று, கிளார்ஜின் இன்சுலின். வருடத்துக்கு 730 ஊசி. இந்த நிலையில் வருடாந்தரத் தடுப்பூசித் தேதி வந்ததும் வீடு இரண்டு கட்சியாகிவிட்டது. "இவ்ளோ குத்துறோம், இன்னும் ரெண்டு குத்தினா என்ன ஆயிடப் போகுது?" என்பது அம்மா. ஊசி போட்ட இடத்தில் பூனைக்கு வரும் சார்க்கோமா புற்றைப் பற்றிப் படித்துவிட்டு, "எதுவுமே வேண்டாம்" என்பது தங்கை.

எனக்கு இரண்டுமே ஒத்துவரவில்லை. இன்சுலின் ஊசி மெல்லியது, மருந்தும் ஒரு நாளுக்குள் உடம்பில் கலந்துவிடும். கொன்ற கிருமியால் செய்த தடுப்பூசி வேறு சங்கதி. இங்கே கிடைக்கும் ரேபிஸ் ஊசிகளில் எதிர்ப்புச் சக்தியைக் கிளறிவிட அலுமினிய உப்பு சேர்க்கிறார்கள். குத்திய இடத்திலேயே தங்கி அழற்சியை உண்டாக்குவதுதான் அதற்குக் கொடுத்த வேலை. மிகச் சில பூனைகளின் உடம்பில் அந்த அழற்சி அடங்காமல் மாதங்கள், வருடங்கள் கழித்துப் புற்றாகிறது. 10,000 பூனைகளில் ஒன்றுக்கு என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. ஆய்வுக்கு ஆய்வு மாறும். ஆகவே 730-ஐயும் 2-ஐயும் கூட்டிப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை.

அதனால் தடுப்பூசியை மொத்தமாகப் பார்க்காமல் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டேன். ரேபிஸ் ஊசியை நம் ஊரில் விட முடியாது, அதில் பேச்சே இல்லை. ட்ரைகேட் என்ற ஊசி, பூனைகளுக்கு வரும் பேன்லூக்கோபீனியா, ஹெர்பிஸ், கலிசி என்ற மூன்று வைரஸ்களுக்குமானது. வீரியம் குறைத்த உயிர்க்கிருமி வகை, அலுமினியம் கிடையாது. குட்டியிலேயே முழுசாகப் போட்டு, பூஸ்டரும் ஆகி, வெளியே போகாமல் வளரும் பூனைக்கு அதை மூன்று வருடத்துக்கு ஒரு முறைக்கு மேல் போட வேண்டாம் என்பது உலக அளவிலான சிறு விலங்கு மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டல். மணிக்குப் போட்டு ஒன்றரை வருடம்தான். சரி, அது காத்திருக்கட்டும்.

கிளினிக்கில் டாக்டர் வழக்கம்போலப் பிடரியைத் தூக்கினார்.

"டாக்டர், பின்னங்கால்ல போட முடியுமா? வலது, முட்டிக்குக் கீழே."

"ஏன், பிடரில என்ன?"

"கால்ல கட்டி வந்தா காலை எடுத்தாவது காப்பாத்தலாம். பிடரில வந்தா எதை எடுப்பீங்க?"

ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். அப்புறம், "சரி, நல்லா பிடிச்சுக்கோங்க, உதைப்பான்" என்றார். தலையும் முன்னங்கால்களும் துண்டுக்குள், வலது பின்னங்கால் மட்டும் வெளியே. மணி உதைக்கவில்லை, டாக்டரின் பேனாவைத் தட்டிவிட்டதோடு சரி.

அங்கேயே சுகரும் பார்த்தார்கள்: 352. டோஸை ஏற்றலாம் என்றார். காலையில் வீட்டில் காது நுனியில் குத்திப் பார்த்தபோது 190. நோட்டைக் காட்டினேன். பயத்தில் பூனைகளுக்குச் சர்க்கரை எகிறும் என்பது அவருக்கும் தெரிந்த விஷயம்தான், டோஸைத் தொடவில்லை. சர்க்கரைப் பூனை வைத்திருப்பவர்கள் குளுக்கோமீட்டர் இல்லாமல் தடுப்பூசிக்குக் கிளம்பாதீர்கள்.

சாயந்திரம் மணி சுருண்டு படுத்துவிட்டான். உடம்பு லேசாகச் சுட்டது, சாப்பாட்டில் பாதி மிச்சம். தடுப்பூசிக்குப் பிறகு ஓரிரு நாள் இப்படி இருப்பது சகஜம். ஆனால் பாதிச் சாப்பாட்டுக்கு முழு இன்சுலின் போட்டால் சர்க்கரை தாழ்நிலைக்குப் போய்விடும். டாக்டருக்கு போன் செய்தேன். அன்றிரவுக்குப் பாதி டோஸ் போதும், நடுராத்திரியில் ஒரு தடவை பாருங்கள் என்றார். பார்த்தால் 140. தேன் பாட்டிலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்கினேன். மறுநாள் மாலை பழைய மணி.

இனி உங்கள் அனுபவம். குறிப்பாக, கட்டி ஏதாவது வந்ததா?

மீனு அப்பா, மதுரை

கட்டி வரவில்லை. நான் சொல்ல வந்தது ரேபிஸ் பற்றி.

மீனு வாசல் தாண்டாதவள். சர்க்கரை 400-ஐ விட்டு இறங்காமல் இருந்ததால், கொஞ்சம் கட்டுக்குள் வரட்டும் என்று டாக்டர் தடுப்பூசியைத் தள்ளிவைத்திருந்தார். சிலிண்டர் போட வந்தவர் கதவைத் திறந்து வைத்த நேரம் பார்த்து ஓடிவிட்டாள். விடிந்ததும் வந்தாள், காதோரம் பல் பதிந்த காயத்தோடு. நாயா, வேறு பூனையா, யாருக்குத் தெரியும்? காயத்தைக் கழுவும்போது என் மனைவியின் மணிக்கட்டில் பிறாண்டிவிட்டாள், ரத்தம் வந்தது.

அப்புறம் நடந்தது: மனைவிக்கு உடனே சோப்புப் போட்டு, குழாய்த் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவல். அரசு மருத்துவமனையில் 0, 3, 7, 28-ஆம் நாள் என்று தேதி போட்டுக் கொடுத்து இரண்டு கையிலும் ஊசி. மீனுவுக்கு அன்றே ரேபிஸ் ஊசி. சுகர் 400 இருந்தாலும் பரவாயில்லை என்று அதே டாக்டர்தான் போட்டார். பத்து நாள் அவளை ஒரு அறையில் வைத்துக் கண்காணித்தோம். அதற்குள் அவளுக்கு ஒன்றும் ஆகாததால் மனைவி தப்பித்தாள் என்று தெரிந்தது. மீனுவைக் கடித்தது எது என்பதுதான் தெரியாதே, அவளை மாதக்கணக்கில் கவனித்துக்கொண்டே இருந்தோம்.

வீட்டுக்குள் வளரும் பூனைதானே என்று ரேபிஸைத் தள்ளிப்போடுபவர்கள், சிலிண்டர்காரர் மாதம் ஒருமுறை வருவார் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

கறுப்பியின் ஆள், ரொறன்ரோ

கட்டி பற்றிக் கேட்டீர்கள், அதனால் எழுதுகிறேன். எங்களிடம் முதல் இருந்த பூனை சூட்டி, அவனுக்குச் சர்க்கரை இல்லை. ஒரு நாள் தடவும்போது தோள்பட்டை இரண்டுக்கும் நடுவில் விரலுக்குத் தட்டுப்பட்டது. வலி இல்லை, தோலோடு சேர்ந்து நகரவும் இல்லை, அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. அங்குதான் வருடா வருடம் ஊசி போட்டது. போன இடத்தில் மிருக வைத்தியர் கட்டியை மட்டும் எடுத்துவிட்டுத் தையல் போட்டார். சில மாதத்தில் அதே இடத்தில், முன்பைவிடப் பெரிதாக வந்தது. பிறகு போன புற்றுநோய் நிபுணர் சொன்னதைக் கேட்டு மனம் உடைந்துவிட்டது. இந்தப் புற்றுக்கு முதல் சத்திரசிகிச்சைதான் முக்கியமாம். முதலில் ஒரு சிறு துண்டு எடுத்துப் பரிசோதித்து, ஸ்கான் செய்து வேர் எங்கெல்லாம் ஓடியிருக்கிறது என்று பார்த்து, சுற்றிவர 5 சென்ரிமீற்றர் வரை, அடியில் தசை அடுக்கு இரண்டும் சேர்த்து எடுக்கவேண்டுமாம். தோள்பட்டை நடுவில் அவ்வளவு இடம் எங்கே இருக்கிறது? சூட்டியை அதற்கு மேல் படுத்தவில்லை.

நிபுணர் சொல்லித் தந்த கணக்கு 3, 2, 1. ஊசி போட்ட இடத்தில் வந்த கட்டி 3 மாதத்துக்கு மேல் இருந்தாலோ, 2 சென்ரிமீற்றரைத் தாண்டினாலோ, ஊசி போட்டு 1 மாதம் கழித்தும் வளர்ந்தாலோ பயொப்சி, அதாவது அந்தச் சிறு துண்டுப் பரிசோதனை, செய்யவேண்டும். மூன்றில் ஒன்று போதும், மூன்றும் சேர வேண்டும் என்று காத்திருக்கக்கூடாது. இந்தப் புற்றை முதன்முதலில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 1991-இல் கண்டுபிடித்தார்களாம். அங்கே 1987-இலேயே பூனைகளுக்கு ரேபிஸ் ஊசி கட்டாயமாக்கியிருந்தார்கள்.

இப்போது இருக்கிற கறுப்பிக்குத்தான் சர்க்கரை. ஒன்ராறியோவில் மூன்று மாதத்துக்கு மேற்பட்ட பூனைக்கு ரேபிஸ் ஊசி சட்டப்படி கட்டாயம். உடல்நிலை இடம்தராவிட்டால் வைத்தியர் விலக்குக் கடிதம் தரலாம். நாங்கள் விலக்குக் கேட்கவில்லை. அலுமினியம் இல்லாத, கனரிபொக்ஸ் என்ற பறவை வைரசை வைத்துச் செய்த ஊசி இங்கே இருக்கிறது. அதை வலது பின்னங்காலில் கீழே போட்டோம். விலை கூட. அலுமினியம் இல்லாததாலேயே புற்று வரவே வராது என்று யாரும் எழுதித் தரமாட்டார்கள் என்பதையும் வைத்தியர் சொன்னார். வாலில் போட்டாலும் எதிர்ப்புச் சக்தி போதிய அளவு வருகிறது என்று ஃப்ளோரிடா ஆய்வு ஒன்று இருக்கிறது. ஆனால் கறுப்பி வாலைத் தொட விடமாட்டாள்.

போன மாரியில் அவளுக்கும் பிடரியில் ஒரு கட்டி. எனக்குக் கை நடுங்கிவிட்டது. வைத்தியர் முதலில் கேட்ட கேள்வி, "இங்கே என்ன போட்டிருக்கிறீர்கள்?" இன்சுலின் மட்டும், தடுப்பூசி எல்லாம் காலில் என்று சொன்னேன். அவர் கவராயம் மாதிரி ஒன்றால் அளந்தார், 8 மில்லிமீற்றர். தினமும் ஒரே இடத்தில் குத்தினால் தோல் தடிக்கும், மருந்தும் சரியாக உறிஞ்சாது, இன்சுலினை விலாப்பக்கம் மாற்றிப் போடுங்கள் என்றார். இரண்டு கிழமையில் கரைந்துவிட்டது. சுகர் அளவும் சீராக வந்தது. தடுப்பூசியும் அங்கேயே போட்டிருந்தால் அந்தக் கட்டியை அவரும் இவ்வளவு அமைதியாகப் பார்த்திருக்கமாட்டார், நானும் நித்திரை கொண்டிருக்கமாட்டேன்.

கோவை உறுப்பினர்

ஒரு விஷயம் விட்டுப்போகிறது: ஸ்டீராய்டு. எங்கள் வீட்டுச் சிங்காரிக்குத் தோல் அரிப்புக்காக நாள்பட வேலை செய்யும் ஸ்டீராய்டு ஊசி அடிக்கடி போட்டார்கள், அதன் பிறகுதான் சர்க்கரை வந்தது. அந்த வகை ஊசியும் சார்க்கோமாவோடு தொடர்புபடுத்தப்பட்டதுதான். தடுப்பூசி அன்று முகம் வீங்கியது. ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள், வேறு வழியில்லை, மூச்சு விடவே சிரமப்பட்டாள். மூன்று நாளைக்குச் சுகர் 450-க்குக் குறையவில்லை. அது மருந்தின் வேலை என்று தெரிந்ததால் டோஸை ஏற்றாமல் பொறுத்தோம். அடுத்த முறை டாக்டர் ஒரே நாளில் இரண்டு ஊசி போடவில்லை, கிளினிக்கிலேயே அரை மணி நேரம் உட்காரவைத்தார்.

இன்னொன்று, கேட்காமலே சொல்கிறேன். நம் மெடிக்கலில் சிவப்பு மூடி சிரிஞ்ச் 40 யூனிட் இன்சுலினுக்கு, ஆரஞ்சு மூடி 100 யூனிட்டுக்கு. கிளார்ஜின் 100. சிவப்பு மூடியில் அதே கோடுவரை இழுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போகும். சார்க்கோமா பத்தாயிரத்தில் ஒன்று. இந்தத் தப்பு எந்தத் தெருக்கடையிலும் நடக்கலாம்.

மணி வீட்டுக்காரர், குரோம்பேட்டை

எல்லோருக்கும் நன்றி. ரொறன்ரோ நண்பருக்கு: மணியின் காலிலும் பட்டாணி அளவு ஒன்று வந்தது. உங்கள் பதிவைப் படித்த அன்று இன்னும் இருந்தது, மூன்றாவது வாரத்தில் தடவினால் தெரியவில்லை.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் தங்கை ஒரு பூனைப் படம் வரைந்திருக்கிறாள், மேலிருந்து பார்க்கிற மாதிரி. இன்சுலின் போடும் விலாப்பகுதி நீலம், இடது வலது மாறி மாறி. வலது பின்னங்காலில் சிவப்புப் புள்ளி, பக்கத்தில் தேதி, ஊசி பாட்டிலிலிருந்து உரித்து ஒட்டிய லேபிள், பேட்ச் எண்ணோடு. மாதம் ஒருமுறை அந்த இடத்தைத் தடவிப் பார்த்து டிக் போடுவது அம்மா பொறுப்பு. தடுப்பூசி அட்டையில் எந்தக் காலில் போட்டது என்று டாக்டரையே எழுதித் தரச் சொன்னேன், எழுதித் தந்தார். ட்ரைகேட் வரும்போது இடது பின்னங்கால் என்று பேசி வைத்திருக்கிறோம். மணிக்குப் பல் ஆபரேஷன் ஒன்று பாக்கி. அதற்குப் பிறகுதான் அது.