காதிரைச்சல் இருப்பவர் நாள் முழுவதும் காதை அடைத்துக்கொண்டிருக்கலாமா?

கேள்வி:

மரவேலைப் பட்டறையில் 11 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். நான்கு மாதங்களுக்கு முன் ஒரு நாள் அறுவை இயந்திரத்தை நிறுத்திய பிறகும் அதன் ஓசை என் காதில் நிற்கவில்லை. அன்று தொடங்கிய ‘ஙொய்’ என்ற ஒலி இரண்டு காதுகளிலும் இன்றுவரை தொடர்கிறது. காதில் குறும்பி அடைப்போ சீழோ இல்லை என்றும், 4,000 ஹெர்ட்ஸ் அருகே, அதாவது கீச்சென்ற உயர்சுருதி ஒலிகளில், செவித்திறன் குறைந்திருக்கிறது என்றும் மருத்துவர் கூறினார். எஞ்சியதையாவது காப்பாற்றிக்கொள்ள வேண்டுமே என்ற அச்சத்தில் பட்டறையில் மட்டுமல்லாமல் வீட்டிலும், உறங்கும்போதும் காது அடைப்பானைப் போட்டுக்கொள்கிறேன். ஆனால் இரைச்சல் கூடியதுபோலவே இருக்கிறது. தட்டில் கரண்டி படும் ஓசைகூட இப்போது காதைக் கூச வைக்கிறது. நான் செய்வது சரிதானா?

மறுமொழி 1:

பட்டறையில் போடுவது சரி; வீட்டில் போடுவது தவறு. உட்செவியின் நத்தைக்கூட்டில் உள்ள, ஒலியை உணரும் மயிர் அணுக்கள் பேரொலியால் அழிந்தால் மனிதர்களுக்கு மீண்டும் முளைப்பதில்லை. அங்கிருந்து வரவேண்டிய செய்தி குறையும்போது, மூளை தன் கேட்கும் கூர்மையைத் தானே உயர்த்திக்கொள்கிறது என்பதும், அப்போது வெளியில் இல்லாத ஒலி கேட்கத் தொடங்குகிறது என்பதும் இன்று பரவலாக ஏற்கப்படும் விளக்கம். அமைதியான வீட்டில் காதை அடைத்தால் அந்தச் செய்தி இன்னும் குறைகிறது. மூளை இன்னும் உற்றுக் கேட்கிறது. கரண்டி ஓசை கூசுவதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். 1953ஆம் ஆண்டில் ஹெல்லர், பெர்க்மன் என்ற இருவர், செவித்திறன் குறையில்லாத 80 பேரை ஒலிபுகா அறையில் சில நிமிடங்கள் உட்கார வைத்தபோது, அவர்களில் 94 விழுக்காட்டினர் ஏதோ ஓர் ஒலி கேட்பதாகச் சொன்னார்கள். முழு அமைதி நல்ல செவிக்கே இரைச்சலைக் காட்டிக்கொடுக்கும் என்றால், உங்கள் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

எங்கே அடைக்க வேண்டும் என்பதற்கு அளவு இருக்கிறது. பணியிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்க அரசு நிறுவனமான நியாஷின் (NIOSH) பரிந்துரைப்படி, காதை அடைக்காமல் 85 டெசிபலில் நாளுக்கு 8 மணி நேரம் வரை இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபலில் 15 நிமிடந்தான்.

மறுமொழி 2:

எனக்கு இது 14ஆவது ஆண்டு. முதல் ஆண்டில் நானும் உங்களைப் போலவே ஒளிந்து வாழ்ந்தேன். இரவில் மின்விசிறியின் ஓசையையோ பதிவு செய்த மழையோசையையோ மெல்ல ஓடவிடுங்கள்; அது இரைச்சலை முற்றிலும் மூழ்கடிக்கக் கூடாது, இரண்டும் கலந்து கேட்கும் அளவுக்கு இருந்தால் போதும். எனக்குப் பெரிதும் உதவியது, எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்றும் அறிவுசார் நடத்தைச் சிகிச்சைதான் (CBT). அது ஒலியைக் குறைக்கவில்லை. ஒலியைக் கேட்டவுடன் எழும் பதற்றத்தைக் குறைத்தது. “இன்று கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா” என்று காலையில் எழுந்ததும் சோதித்துப் பார்க்கும் பழக்கத்தை விடவே எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. (இணையத்தில் விற்கும் ‘இரைச்சல் நீக்கும்’ மாத்திரைகளுக்கு நான் செலவழித்ததை இங்கே சொல்ல வெட்கமாக இருக்கிறது.)

மறுமொழி 3:

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். ஒரு காதில் மட்டும் இரைச்சல் நீடித்தாலோ, நாடித்துடிப்போடு சேர்ந்து துடித்தாலோ மருத்துவரைப் பார்க்காமல் பழகிக்கொள்ள முயல வேண்டாம். திடீரென ஒரு காது கேட்காமல் போனால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஸ்டீராய்டு சிகிச்சையை முதல் சில நாட்களுக்குள் தொடங்குவதே நல்லது.

கேள்வி கேட்டவருக்கு: நுரை அடைப்பானை எப்படிச் செருகுகிறீர்கள்? விரல்களால் மெல்லியதாக உருட்டி, மற்றொரு கையைத் தலைக்குப் பின்புறமாகக் கொண்டுவந்து காதை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்துச் செருகி, அது விரியும் வரை அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். வெறுமனே வாயிலில் திணித்தால் பெயரளவுப் பாதுகாப்புதான்.

கேள்வி கேட்டவர்:

மூவருக்கும் நன்றி. கைப்பேசிச் செயலியை வைத்து இன்று அளந்தேன். அது துல்லியமானதல்ல என்று தெரியும், ஆனாலும் இழைப்பு இயந்திரத்தின் அருகே 97 காட்டியது. மேலே சொன்ன கணக்குப்படி எனக்கு உரிய நேரம் அரை மணி. நான் அங்கே நிற்பதோ ஆறு மணி நேரம். அடைப்பானையும் இதுவரை வாயிலில்தான் திணித்திருக்கிறேன். நாளை முதல் அதற்கு மேல் காதுக்கவசத்தையும் போடப் போகிறேன். வீட்டில் இன்றிரவே கழற்றிவிட்டு, மின்விசிறியோடு உறங்கிப் பார்க்கிறேன்.